நீலமாக இருந்தால் போதாது

வெள்ளைத் தாள் ஒன்றில் ஒரு சொட்டு பெற்றோல், இரண்டு விரல் தள்ளி ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுப் பாருங்கள். பெற்றோல் சட்டென்று விரிந்து, தாளைக் குளிர வைத்துவிட்டு, சற்று நேரத்தில் போன இடம் தெரியாமல் போய்விடும். மண்ணெண்ணெய் அங்கேயே உட்கார்ந்திருக்கும். தேத்தண்ணிக் கடையில் வடை சுற்றித் தந்த பேப்பரை வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஒரு வட்டம் மட்டும் கண்ணாடி மாதிரித் தெரியுமே, அதே வட்டம். சின்ன விமானங்களின் தாங்கியில் தவறான எரிபொருள் ஏறி நடந்த விபத்துகள் பலவற்றை அந்த வட்டம் தரையிலேயே நிறுத்தியிருக்கும். பார்க்கத்தான் ஆளில்லை.

மலையகத்தில் உட்கார்ந்துகொண்டு விமான எரிபொருளைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். நுவரெலியாவிலும் ஹற்றனிலும் ஓடுபாதை கிடையாது. காசல்ரீ நீர்த்தேக்கத்திலும் கண்டிக்குப் பக்கத்துப் பொல்கொல்லையிலும் இறங்கும் மிதவை விமானத்தைக் கரையில் நின்று பார்த்ததோடு பலருக்கு விமானத்துடனான உறவு முடிந்துவிடும். ஆனால் தோட்டத்துப் பிள்ளைகள் இன்று கொழும்புப் பக்கத்துக்கும் மாலைதீவுக்கும் வளைகுடாவுக்கும் எத்தனையோ வேலைகளுக்குப் போகிறார்கள். விமானத் தளத்தில் பவுசர் எனும் எரிபொருள் லொறியின் குழாயைப் பிடித்து நிற்பதும் அவற்றில் ஒன்றாக இருக்கலாம். இன்னொன்று, மண்ணெண்ணெய் வாசம் நமக்குப் புதிதல்ல. குப்பி விளக்கும் திரி அடுப்பும் எரிந்த லயத்துக் காம்பராவில் வளர்ந்த மூக்குக்கு இந்த வேலையில் மதிப்புண்டு.

சின்ன விமானங்களின் உலகில் முக்கியமாக இரண்டு எரிபொருள்தான். பிஸ்டன் எஞ்சினுக்கு அவ்காஸ். இன்று அதிகம் புழங்குவது 100 எல்.எல். என்ற வகை. விமானத்துக்கென்றே செய்த உயர் ஒக்டேன் (அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் திறன்) பெற்றோல், நீலச் சாயம் போட்டது, லீற்றருக்கு 0.56 கிராம் வரை ஈயம் சேர்ந்தது. சுழலும் தகடுகளால் ஓடும் டர்பைன் எஞ்சினுக்கு ஜெட் ஏ-1. இது நன்றாகச் சுத்திகரித்த மண்ணெண்ணெய்தான். தண்ணீர் போலவோ லேசான வைக்கோல் நிறத்திலோ இருக்கும். 38 பாகை செல்சியசுக்குக் கீழே அது தீப்பற்றும் ஆவி தரக்கூடாது என்பது தரவிதி. அவ்காஸோ நுவரெலியாவில் புல்லில் பனி உறைந்து கிடக்கும் ஜனவரி காலையிலும் தீப்பற்றும் ஆவியைத் தந்துகொண்டே இருக்கும். எடையிலும் வித்தியாசம் உண்டு: ஒரு லீற்றர் அவ்காஸ் சுமார் 0.72 கிலோ, ஜெட் ஏ-1 சுமார் 0.80 கிலோ. அதை வைத்துப் பிடித்துவிடலாம் என்று நம்ப வேண்டாம். செஸ்னா 152 என்ற சின்னப் பயிற்சி விமானத்தின் இரண்டு தாங்கியும் சேர்ந்து ஏறக்குறைய 98 லீற்றர். முழுக்க மாறிப்போனாலும் கூடும் பாரம் 8 கிலோவுக்குள். விமானிக்கு அது தெரியவே தெரியாது.

தவறு இரண்டு திசையிலும் நடக்கலாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. காசல்ரீயில் இறங்கும் செஸ்னா 208 கெரவான் ஓடுவது பி.டி.6 என்ற டர்பைனில். ஜெட் எரிபொருள் கிடைக்காத இடத்தில் அதற்கு அவ்காஸ் போட உற்பத்தியாளரே அனுமதி தருகிறார். ஒரு முழுப் பழுதுபார்ப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 150 மணிநேரம் என்பது எல்லை. ஈயம் டர்பைன் தகடுகளில் படியும், பம்புக்கு வழவழப்புப் போதாது, அதனால்தான் அந்த எல்லை. பிஸ்டன் விமானத்துக்கு ஜெட் ஏ-1 போடும் திசையில் இப்படி எந்தச் சலுகையும் இல்லை. ஆட்கள் செத்துப்போவது அந்தப் பக்கத்தில்தான்.

ஏன் என்பதை கடுகண்ணாவ ஏற்றம் ஏறும் பழைய வேனில் கேட்கலாம். பாரம் ஏற்றி, கியரைக் குறைக்காமல், மட்டமான பெற்றோலோடு மிதித்தால் எஞ்சினுக்குள்ளிருந்து ஆணியைத் தட்டுவது போல ஒரு சத்தம் வரும். சிலிண்டருக்குள் தீப்பொறி பற்றவைத்த சுடர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஒழுங்காகப் பரவ வேண்டும். ஒக்டேன் போதாவிட்டால், சுடர் வந்து சேருமுன்பே மிச்சக் கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானாகவே ஒரே நேரத்தில் வெடிக்கும். அதைத்தான் தட்டல் என்கிறோம். வேனில் சத்தம் கேட்கும், காலை எடுத்தால் நின்றுவிடும். விமானத்தில் உந்தியின், அதாவது சுழலும் விசிறியின், இரைச்சலுக்குள் அந்தச் சத்தம் காதில் விழாது. மேலெழும் நேரத்தில் விமானி காலையோ கையையோ எடுக்கவும் மாட்டார்.

அந்த வெடிப்பு பிஸ்டனை நேரடியாக உடைப்பதை விட மோசமான வேலை ஒன்றைச் செய்கிறது. பிஸ்டன் தலையின் மேலும் சிலிண்டர் சுவரின் மேலும் எப்போதும் ஒரு மெல்லிய குளிர்ந்த வாயுப் படலம் ஒட்டியிருக்கும். உள்ளே எரியும் வாயுவின் வெப்பம் அலுமினியம் உருகும் 660 பாகையை விடப் பல மடங்கு. அலுமினியப் பிஸ்டனைக் காப்பாற்றுவது அந்தப் படலம்தான். தட்டலின் அதிர்வு அந்தப் படலத்தை உரித்தெடுக்கிறது. பிறகு சிலிண்டர் தலையின் வெப்பம் முள் நகர்வது கண்ணுக்குத் தெரிகிற வேகத்தில் ஏறும். வளையங்கள் உட்காரும் பள்ளங்கள் உடையும், தீப்பொறிக் கட்டையின் பீங்கான் வெடிக்கும், கடைசியில் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். முழு வலுவில் ஓடினால் இதற்கு அதிக நேரம் எடுக்காது.

இங்கே ஒரு கேள்வி வரும். நம்மூர்க் காய்கறித் தோட்டங்களில் தண்ணீர் இறைக்கும் பழைய இயந்திரங்கள் மண்ணெண்ணெயில்தானே ஓடின? ஓடின. பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்புவார்கள். அந்த எஞ்சின்கள் அதற்கென்றே குறைந்த அழுத்த விகிதத்தில் (சிலிண்டருக்குள் கலவையை நெருக்கும் அளவு) செய்யப்பட்டவை. மண்ணெண்ணெயை ஆவியாக்குவது அவற்றின் சொந்தச் சூடு. செஸ்னா 152இன் எஞ்சினுக்கு அழுத்த விகிதம் 8.5க்கு 1. இரண்டையும் ஒப்பிட முடியாது. ஆனால் அந்த இயந்திரம் ஒரு விஷயத்தைக் காட்டுகிறது: பெற்றோல் எஞ்சின், மண்ணெண்ணெய் உள்ளே போன உடனே நின்றுவிடுவதில்லை. விமானத்திலும் அதுவே ஆளை ஏமாற்றுகிறது.

தாங்கியில் ஏற்கெனவே கொஞ்சம் அவ்காஸ் இருக்கும். குழாயிலும் வடிகட்டிக் கிண்ணத்திலும் காபரேட்டரிலும் நல்ல எரிபொருள் இருக்கும். எஞ்சின் ஒரே சாவியில் கிளம்பும். ஓடுபாதை நோக்கி ஊர்ந்து போகும்போது வலு குறைவு, அழுத்தம் குறைவு. கலப்படக் கலவையும் அங்கே முறைப்பாடு சொல்லாமல் எரியும். பறக்குமுன் செய்யும் எஞ்சின் சோதனையிலும் முழு வலு கொடுப்பதில்லை, ஆகவே தீப்பொறி தரும் மக்னீட்டோவும் எண்ணெய் அழுத்தமும் சரியாகவே காட்டும். முழுத் திறப்பு கொடுப்பது ஓடுபாதையில்தான். கலவை மாறுவதும் சூடேறுவதும் அப்போது தொடங்கி, விமானம் சில நூறு அடி உயரத்தில், திரும்பிப் போகவும் முடியாத, நேரே இறங்கவும் இடமில்லாத உயரத்தில் இருக்கையில் வலு போகும். கிளப்பிப் பார்த்தேன், நன்றாகத்தானே ஓடியது என்பது இந்த விஷயத்தில் ஒரு சான்றே இல்லை.

கடல் மட்டத்துக்கும் மலைக்கும் இதில் ஒரு வேறுபாடு உண்டு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு. சாதாரண எஞ்சின் அதற்கு மேல் காற்றை இழுக்க முடியாது, ஆகவே சிலிண்டருக்குள் அழுத்தமும் குறைவு, தட்டலும் சற்றுத் தள்ளிப்போகும். இரத்மலானை போலக் கடலோரத் தளத்தில் முழு அழுத்தமும் கிடைக்கும், அங்கேதான் எஞ்சின் சீக்கிரம் அடிபடும். டர்போ பூட்டிய பிஸ்டன் எஞ்சினுக்கு இந்த ஆறுதலும் இல்லை. எந்த உயரத்திலும் அது காற்றைத் திணித்துக்கொள்ளும்.

அந்த ‘டர்போ’ என்ற சொல்லே ஒரு பொறி. எஞ்சின் மூடியில் அழகாக ‘டர்போ’ என்று எழுதியிருந்தால், பவுசர்காரர் அதை டர்பைன் என்று படித்துவிடுகிறார். எழுத்து இல்லாவிட்டாலும் உருவம் ஏமாற்றும். ஒரே உடம்பில் பிஸ்டனும் டர்பைனும் விற்றிருக்கிறார்கள். பைப்பர் மாலிபு மிராஜ் பிஸ்டன்; அதே உடம்பு மெரிடியன் என்ற பெயரில் டர்பைன். ரொபின்சன் ஆர்44 ஹெலிகொப்டர் அவ்காஸ் குடிக்கும். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் ஆர்66 ஜெட் எரிபொருள் குடிக்கும். டயமண்ட் டிஏ40 இன்னும் குழப்பம்: பெற்றோல் எஞ்சினோடும் வருகிறது, ஜெட் ஏ-1இல் ஓடும் டீசல் வகைப் பிஸ்டன் எஞ்சினோடும் வருகிறது. அந்த டீசல் வகைக்கு அவ்காஸ்தான் விஷம். உயர் அழுத்தப் பம்பு வழவழப்பில்லாமல் தேயும், டீசல் முறையில் அது ஒழுங்காகப் பற்றவும் செய்யாது. உந்தி வைத்த சின்ன விமானம் என்றால் அவ்காஸ் என்று மனப்பாடம் செய்தவர் அங்கே மாட்டிக்கொள்வார். ஆகவே விமானத்தின் முகத்தைப் பார்க்காதீர்கள். தாங்கி மூடியைச் சுற்றி ஒட்டியிருக்கும் எழுத்தைப் படியுங்கள். அவ்காஸ் அடையாளம் சிவப்பில், ஜெட் அடையாளம் கறுப்பில் இருப்பது வழக்கம். பவுசரில் உள்ள பட்டியும் அதே நிறத்தில் இருக்கும். இரண்டு நிறமும் பொருந்தாவிட்டால் குழாயை இழுக்கவே வேண்டாம்.

எழுத்தும் நிறமும் கண்ணை நம்பியவை. கண் தூங்கினாலும் வேலை செய்யும் தடுப்பு ஒன்று உண்டு, அது நொசிலின், அதாவது நிரப்பும் குழாய் நுனியின், அகலம். பெற்றோல் மட்டுமே குடிக்கும் விமானத்தின் நிரப்பு வாய் 60 மில்லிமீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது, மேலிருந்து ஊற்றி நிரப்பும் டர்பைன் விமானத்தின் வாய் 75 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது என்று அமெரிக்க விதிகள் வகுத்தன. ஜெட் பவுசரின் நொசில் நுனியை வாத்து மூக்கு மாதிரி 67 மில்லிமீற்றருக்குத் தட்டையாக விரித்து வைத்தார்கள். அது 60இல் நுழையாது, 75இல் நுழையும். இந்த நுனிக்குப் பலரும் சொல்லும் பெயர் ஹூவர் நொசில். பொப் ஹூவர் என்ற புகழ்பெற்ற அமெரிக்க சாகச விமானியின் இரட்டை எஞ்சின் ஷிரைக் கொமாண்டருக்கு 1970களில் யாரோ டர்பைன் மாதிரி என்று நினைத்து ஜெட் எரிபொருள் ஊற்றிவிட்டார்கள். பறந்த சற்று நேரத்தில் இரண்டு எஞ்சினும் போயின. அவர் ஒரு பள்ளத்தாக்கில் இறக்கி எல்லோரையும் உயிரோடு மீட்டார். எரிபொருள் நிரப்பிய பையனைத் திட்டாமல், நாளைக்கும் என் விமானத்துக்கு நீதான் நிரப்ப வேண்டும் என்றாராம். அந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். நொசிலின் அளவை எத்தனை பேர் சொல்வார்கள் என்பது வேறு.

நம் பெற்றோல் செட்டிலும் இதே ஏற்பாடு இருக்கிறது, ஆனால் பாதுகாப்பு தலைகீழ். ஈயமில்லாப் பெற்றோல் நொசில் சுமார் 21 மில்லிமீற்றர், டீசல் நொசில் சுமார் 25. நவீன பெற்றோல் காரின் வாயில் டீசல் நொசில் நுழையாது. டீசல் வேனின் வாயில் பெற்றோல் நொசில் தாராளமாக நுழையும். இன்றைய உயர் அழுத்த டீசல் எஞ்சினுக்குப் பெரிய செலவு வைப்பதும் அந்தத் தவறுதான். விமானத்தில் மெல்லிய நொசில் நுழைவது டர்பைனுக்குள், அங்கே சேதம் குறைவு. உயிரை எடுக்கும் திசையில்தான் கதவு சாத்தியிருக்கிறது. விமானக்காரர்கள் இதில் சரியான பக்கத்துக்குப் பூட்டுப் போட்டார்கள்.

அந்தப் பூட்டை மனிதன் திறக்கிறான். ஒரு வழி, ஹெலிகொப்டர். டர்பைன் ஹெலிகொப்டர்கள் சிலவற்றின் வாய் குறுகலாக இருப்பதால், ஜெட் பவுசரில் ஒரு மெல்லிய நுனியும் வைத்திருப்பார்கள். வேலை முடிந்ததும் அதைக் கழற்றி அகன்ற நுனியை மாட்ட வேண்டும். மாட்ட மறந்தால் அடுத்து வரும் பிஸ்டன் விமானத்துக்கு முன்னால் எந்தத் தடையும் இல்லை. இன்னொரு வழி, பொறுமை. 2019 அக்டோபர் 5ஆம் திகதி அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் கொகோமோ என்ற ஊரில் பைப்பர் ஏரோஸ்டார் என்ற பிஸ்டன் விமானம் ஒன்று ஜெட் எரிபொருளோடு பறந்து விழுந்து விமானி இறந்தார். நிரப்பியவர் விசாரணையில் சொன்னது: விமானம் ஜெட் மாதிரித் தெரிந்ததால், ஜெட் எரிபொருள்தானா என்று விமானியிடம் இரண்டு தடவை கேட்டேன், ஆம் என்றார். நொசில் இறக்கைத் தாங்கியின் வாய்க்குள் நுழையவில்லை. நிரப்பியவர் அதை வாய்க்கு மேலே 90 பாகைக்குத் திருப்பிப் பிடித்து ஊற்றினார். முதலில் ஒரு கலன் (சுமார் 3.8 லீற்றர்) அளவுக்கு வெளியே சிந்தியது. பிறகு பிடிக்கும் விதத்தை மாற்றி, சிந்தாமல் நிரப்பப் பழகிக்கொண்டார்.

அந்தக் கடைசி வரியை இரண்டு முறை படிக்க வேண்டும். நொசில் தன் வேலையைச் செய்தது. ‘இது உன் இடமில்லை’ என்று உலோகம் சொன்னது. கெட்டிக்காரக் கை அதைச் சமாளித்துவிட்டது. தோட்டத்திலும் கராஜிலும் நாம் மெச்சுகிற கை அதுதான்: பூட்டாத போல்டைப் பூட்ட வைப்பது, பொருந்தாத குழாயைச் சூடாக்கிப் பொருத்துவது. பாஸ் தோளைத் தட்டுவார். எரிபொருள் வேலையில் மட்டும் அந்தக் கெட்டித்தனத்தை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும். நொசில் உள்ளே போகவில்லையா, கையை எடுங்கள், பவுசரின் பட்டியைப் படியுங்கள், விமானியைக் கூப்பிடுங்கள். சிந்திய எரிபொருளைத் துடைப்பதற்கு முன் அதை மோந்து பாருங்கள்.

கேட்பதிலும் ஒரு விதம் இருக்கிறது. ‘ஜெட்தானே?’ என்று கேட்டால் பதிலும் கேள்விக்குள்ளேயே இருக்கிறது; வேறு யோசனையில் நிற்கும் விமானி தலையாட்டிவிடுவார். ‘என்ன எரிபொருள், எத்தனை லீற்றர், எந்தத் தாங்கி?’ என்று கேட்டால் அவர் வாயால் சொல்லியாக வேண்டும். விமானியும் ‘நிரப்பு தம்பி’ என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக்குப் போகக்கூடாது. ‘அவ்காஸ் 100 எல்.எல்., இடது 40 லீற்றர், வலது 40 லீற்றர்’ என்று சொல்லி, நிரப்பி முடியும்வரை இறக்கைப் பக்கத்தில் நிற்க வேண்டும். நின்றாலும் போதாத சந்தர்ப்பம் உண்டு. 2014 ஓகஸ்ட் 27ஆம் திகதி நியூ மெக்சிகோவின் லாஸ் குருசெஸ் என்ற இடத்தில் நோயாளியை ஏற்றிய செஸ்னா 421 என்ற பிஸ்டன் விமானம் விழுந்து நான்கு பேரும் இறந்தார்கள். ஏறியிருந்தது 40 கலன், அதாவது ஏறக்குறைய 150 லீற்றர் ஜெட் எரிபொருள். தாங்கி மூடிகளைப் போட விமானியும் கைகொடுத்திருக்கிறார், அச்சடித்த பற்றுச்சீட்டிலும் கையெழுத்திட்டிருக்கிறார். என்ன எரிபொருள் என்பது அந்தச் சீட்டிலேயே இருந்தது. சீட்டில் நாம் எல்லோரும் முதலில் பார்ப்பது தொகையை. எரிபொருளின் பெயரை விரலால் தொட்டு வாய்விட்டு வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது நல்ல பழக்கம்.

இனி தாளுக்கு வருவோம். பறக்குமுன் ஒவ்வொரு வடிகால் திருகிலிருந்தும் கண்ணாடிக் குவளையில் மாதிரி எடுப்பது எல்லா விமானிக்கும் சொல்லிக்கொடுத்த பாடம். பழைய செஸ்னா 172களில் இறக்கைக்கு ஒன்றும் வடிகட்டியில் ஒன்றுமாக வடிகால். 1990களின் பின்பகுதிக்குப் பிறகு வந்தவற்றில் இறக்கைக்கு ஐந்து, வயிற்றுப் பக்கத்தில் மூன்று, மொத்தம் 13. எல்லாவற்றையும் திறக்க வேண்டும், நிரப்பிய பிறகு திறக்க வேண்டும். காலையில் பார்த்துவிட்டு மதியம் நிரப்பினால் காலைச் சோதனைக்கு அர்த்தமில்லை.

குவளையில் நீலத்தைத் தேடுவார்கள். அங்கேதான் தலைப்பில் சொன்ன விஷயம். 100 எல்.எல்.இன் நீலமே மெல்லியது. அதில் ஜெட் ஏ-1 கலந்தால் நீலம் கொஞ்சம் வெளிறும், அவ்வளவுதான். பக்கத்தில் நல்ல மாதிரி ஒன்றை வைத்து ஒப்பிடாமல் அதைக் கண்டுபிடிப்பது கடினம். தண்ணீரைப் போல அடியில் தனியாகப் படியவும் செய்யாது, இரண்டும் ஒன்றோடொன்று கரைந்துவிடும். குவளையை வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் வானத்தின் நீலமும் சேர்ந்துகொள்ளும். வெள்ளை இறக்கையையோ தாளையோ பின்னால் வைத்துப் பாருங்கள். நீலமே இல்லாமல் தெளிவாக இருந்தால் ஒன்று முழுக்க ஜெட், இல்லையேல் முழுக்கத் தண்ணீர். நீலச் சாயம் போட்டால் எல்லாம் அவ்காஸ் ஆகிவிடாது என்பதற்கு இன்னோர் உதாரணம்: இந்தியாவில் ரேஷன் மண்ணெண்ணெய்க்கும் நீலச் சாயம்தான் போட்டார்கள்.

ஆகவே தாள். குவளையிலிருந்து ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விடுங்கள். சுத்தமான அவ்காஸ் என்று தெரிந்த இன்னொரு சொட்டைப் பக்கத்தில் விடுங்கள். இந்த இரண்டாவது சொட்டு நம் ஊரில் தேவையில்லை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கடற்கரை வெயிலில் சீக்கிரம் காயும் அவ்காஸ், 15 பாகைக் குளிரிலும் மூடுபனி ஈரத்திலும் மெதுவாகவே காயும், ஈரத்தாள் வேறு. நேரத்தை மட்டும் பார்த்தால் நல்ல எரிபொருளைச் சந்தேகிப்பீர்கள், அல்லது அவசரத்தில் கெட்டதை விட்டுவிடுவீர்கள். தெரிந்த சொட்டு முழுக்கக் காய்ந்து, தெரியாத சொட்டின் இடத்தில் வடைப் பேப்பர் வட்டம் நின்றால் முடிவு சொல்லியாயிற்று. விரல் சோதனை இதை விடச் சீக்கிரம்: அவ்காஸ் சில்லென்று பறந்துவிடும், ஜெட் பிசுபிசுக்கும். ஆனால் அவ்காஸில் ஈயச் சேர்மம் இருப்பதால் அதைப் பழக்கமாக்க வேண்டாம், செய்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். மூக்கை முதல் மோப்பத்தில் மட்டும் நம்புங்கள். பவுசர் பக்கத்தில் பத்து நிமிடம் நின்ற மூக்குக்கு எல்லாம் ஒரே வாசம்.

மலைக்கு எரிபொருள் வந்தால் பவுசரில் அல்லாமல் பரலிலும் கேனிலும் வருவதற்கே வாய்ப்பு அதிகம். பரலும் கைப்பம்பும் வந்த இடத்தில் நொசில் அகலம் என்ற தடுப்பு இல்லாமல் போகிறது. 200 லீற்றர்ப் பரல் எதை ஊற்றினாலும் ஒரே உருவம். முத்திரை உடையாமல் இருக்கிறதா, எரிபொருளின் பெயரும் தொகுதி எண்ணும் திகதியும் வாசிக்கத் தெரிகிறதா என்று பாருங்கள். வாசிக்க முடியாத பரலை ஊகித்துத் திறக்காதீர்கள். நிமிர்த்தி வைத்தால் மேல் மூடியில் மழை தேங்கி, இரவுக் குளிரில் பரல் சுருங்கும்போது மரைவழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். நம்முடைய மழைக்கு இது நிச்சயம். பரலைப் படுக்க வைத்து, இரண்டு மூடியும் கடிகாரத்தின் 3, 9 மணி நிலையில் வரும்படி உருட்டி நிறுத்துங்கள். உள்ளிருக்கும் எரிபொருள் மூடியை நனைத்துக்கொண்டிருப்பதால் காற்றும் தண்ணீரும் உள்ளே போகாது. கைப்பம்பும் புனலும் எரிபொருளுக்கு ஒன்றாகத் தனித்தனியே இருக்க வேண்டும், நிறம் பூசி. ஒரே புனலை இரண்டுக்கும் வைத்திருப்பது சிக்கனம் போலத் தெரியும்.

கேனைப் பற்றி இங்கே தனியாகச் சொல்லத் தேவையில்லை. 2022 எரிபொருள் வரிசைக் காலத்தில் கிடைத்த போத்தலில் எல்லாம் பெற்றோலும் டீசலும் மண்ணெண்ணெயும் இஸ்தோப்பில் வரிசையாக நின்றதை மறந்திருக்க மாட்டோம்.  

தரையில் தப்பிவிட்டு, மேலே போனபின் தெரிந்தால்? சிலிண்டர் தலை வெப்பம் கிடுகிடுவென்று ஏறுவது, எஞ்சின் கரகரப்பது, வலு குறைவது, புகை. ஒரு தாங்கிக்கு மட்டுமே நிரப்பியிருந்தால் உடனே மற்றத் தாங்கிக்குத் திருப்புங்கள். செஸ்னா 172 போன்றவற்றில் தாங்கியைத் தேர்ந்தெடுக்கும் பிடியை ‘இரண்டும்’ என்ற நிலையில் வைத்திருந்தால் அது கலந்தேதான் வரும். இரண்டும் கெட்டதென்றால் கலவையை முழுக்கச் செறிவாக்கி, உயரத்தைக் காக்கத் தேவையான அளவுக்கு வலுவைக் குறைப்பது தட்டலைத் தணிக்கும், சில நிமிடம் வாங்கித் தரும். அந்தச் சில நிமிடத்தில் இறங்க இடம் வேண்டும். மலையகத்தில் விமானம் என்றதும் பெரியவர்கள் சொல்வது 1974 டிசம்பர் 4ஆம் திகதி ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேரோடு அழிந்த டிசி-8ஐத்தான். அதற்கும் எரிபொருளுக்கும் தொடர்பில்லை. ஆனால் அந்த மலைத்தொடரைக் கீழிருந்து பார்த்தவருக்கு, எஞ்சின் போன சின்ன விமானத்துக்கு இங்கே என்ன கிடைக்கும் என்று விளக்க வேண்டியதில்லை: தேயிலைச் சரிவு, மின்கம்பி, நீர்த்தேக்கம்.

தரையிலேயே தெரிந்துவிட்டால் எஞ்சினைத் தொடாதீர்கள். ‘கொஞ்சம்தானே போயிருக்கு, மேலே அவ்காஸ் ஊற்றி நிரப்பிவிடலாம்’ என்ற யோசனையை யாரோ ஒருவர் நிச்சயம் சொல்வார். வேண்டாம். விமானத்தை மண்ணோடு கம்பியால் இணைத்து, மின்கலத்தைக் கழற்றி, ‘பறக்கக்கூடாது’ என்று அட்டை தொங்கவிட்டு, பொறியியலாளரைக் கூப்பிடுங்கள். எல்லாத் தாங்கியையும் வடித்து, அவ்காஸ் ஊற்றி அலசி மறுபடி வடித்து, குழாய், வடிகட்டிக் கிண்ணம், காபரேட்டர்க் கிண்ணம் அல்லது உட்செலுத்தும் குழல்கள் வரை கழுவி, கடைசியில் வரும் மாதிரியைத் தாளில் விட்டுப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஒருமுறை ஓடியிருந்தாலே வேலை பெரிது: சிலிண்டருக்குள் கமரா விட்டுப் பார்ப்பது, அழுத்தச் சோதனை, எண்ணெயை வடித்து வடிகட்டியை வெட்டி உலோகத் துகள் தேடுவது. முழு வலுவில் ஓடியிருந்தால் எஞ்சினைப் பிரிக்க வேண்டுமா என்பதை உற்பத்தியாளரின் அறிவுறுத்தல்தான் தீர்மானிக்கும், நம் காது தீர்மானிக்காது. பதிவேட்டில் எழுதுங்கள், எத்தனை லீற்றர், எந்தத் தாங்கி, எத்தனை நிமிடம் ஓடியது என்பது உட்பட.

வடித்த கலவை மிச்சம் இருக்கும், சில நேரம் நூறு லீற்றருக்கு மேல். பாதி மண்ணெண்ணெய்தானே, அடுப்புக்கு ஆகும் என்று யாராவது ஒரு கேன் கேட்டால் கொடுக்காதீர்கள். மண்ணெண்ணெயில் கொஞ்சம் அவ்காஸ் கலந்தாலே அந்த 38 பாகை எல்லை அடியோடு சரிந்து, காம்பராவின் சாதாரணச் சூட்டிலேயே தீப்பற்றும் ஆவி வரும். திரி அடுப்பு பற்றும்போது தாங்கியே பற்றும், எரிந்தால் ஈயப் புகையும் சேர்ந்து வரும். பரலில் ஊற்றி, மூடி, சிவப்பு மையால் ‘கலப்படம் - அடுப்புக்கோ விளக்குக்கோ பாவிக்கக்கூடாது’ என்று தமிழிலும் சிங்களத்திலும் பெரிதாக எழுதி, அப்புறப்படுத்த ஆள் வரும்வரை பூட்டிய இடத்தில் வையுங்கள். சாவி ஒருவரிடம் இருக்கட்டும்.